தைத்து வைத்திருந்த கறுப்புப் போளைகள்

தம்பி,

வருகிற சனிக்கிழமை எபினேயில் ஆற்றங்கரைக்கு வந்து இடம் காட்டச் சொல்லித் தர்சிகா என்னைக் கேட்டிருக்கிறாள். உங்கள் கலியாணத்துக்கு முன்னர் தன் அப்பாவின் சாம்பலைக் கரைத்த இடத்தில் நின்று கும்பிட வேண்டுமாம். "இவ்வளவு வருசமும் குத்துமதிப்பா ஒரு இடத்திலை பூப் போட்டிட்டன் மாமா. முன்னுக்கு நிண்டு செய்தது நீங்கள்தானே, சரியான இடத்தை நீங்கள்தான் காட்ட வேணும்" என்றாள். நான் ஓம் என்றேன். நீ பக்கத்தில் நின்று, "மெர்சி, பப்பா" என்று என் முதுகில் தட்டினாய். தம்பி, காட்டுவதற்கு இடம் இல்லை. செய்ன் ஆறு இருக்கிறது, கரை இருக்கிறது, எபினேயும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவள் அப்பா செல்வராசாவின் சாம்பல் மட்டும் அந்த ஆற்றில் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். பிரெஞ்சிலும் எழுதலாம். முப்பத்தைந்து வருஷமாக விசாவுக்காகப் பிரிபெக்சருக்கும் காப்புறுதிக்காரருக்கும் எழுதி எழுதி என் பிரெஞ்சு "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இணைப்பு ஒன்று" என்ற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்த மொழியில் எனக்கு விண்ணப்பிக்கத் தெரியும்; ஒப்புக்கொள்ளத் தெரியாது. உன் தமிழோ லா சப்பலில் தமிழ்க் கடைப் பலகை வாசிக்கும் அளவுக்கு வரும், அதுவும் பலகையில் தோசையின் படம் இருந்தால். நீ இதை எப்படி வாசிப்பாய் என்று நான் கவலைப்படவில்லை. ஊரிலிருந்து வருகிற கடிதங்களை இப்போதெல்லாம் எப்படி வாசிக்கிறாயோ அப்படியே இதையும் வாசி.

எங்கள் வரவேற்பறை அலுமாரியின் மேல்தட்டில் இருந்த மரப்பெட்டி உனக்கு நினைவிருக்கும். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கென்று சொந்த இடம் இருந்ததில்லை; செயலாளர் நான். செயலாளரின் வீடுதான் அலுவலகம், செயலாளரின் மனைவிதான் தேத்தண்ணிப் பகுதி. பெட்டியின் முன்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை, உள்ளே போகிற கையை மறைக்கக் கறுப்புத் துணிக் குழாய், கீழே ஒரு இழுப்பறை. இழுப்பறைக்குள் பொடியள் விளையாடும் போளை அளவில் மர உருண்டைகள், வெள்ளை கொஞ்சம், கறுப்பு கொஞ்சம். நீ வெள்ளைப் போளைகளைச் சோபாவின் கீழே உருட்டி விளையாடுவாய். கறுப்பைத் தொடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். ஏனென்று நீ கேட்டபோது, "அது பெரியாக்களின்ரை சாமான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சுத்தமான உண்மைகளில் அது ஒன்று.

பெட்டியை நான் வாங்கியது சென்துவான் பழைய சாமான் சந்தையில். நான் வேலை செய்த உணவகச் சமையலறைக்குத் திங்கட்கிழமை லீவு. திங்கட்கிழமையிலும் திறந்திருக்கும் சந்தை அது. மற்றவர்கள் லீவு நாளில் நித்திரை கொண்டார்கள், நான் தேவையில்லாத பொருட்களைப் பார்க்கப் போனேன். விற்றவன் விளக்கம் சொன்னான்: போலந்துப் பக்கத்து ஒரே பட்டணத்திலிருந்து வந்த யூதர்கள், அநேகமாகத் தையற்காரர்கள், இந்த நகரத்தில் வைத்திருந்த ஊர்ச் சங்கத்தின் பெட்டி இது. வருத்தம் வந்தால் வைத்தியர், வேலை போனால் உதவி, செத்தால் சங்கத்தின் கல்லறையில் ஓர் இடம், இதுதான் சங்கத்தின் வேலை. புதிதாக ஒருவர் சேர விரும்பினால் பெட்டி சுற்றும். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு வெள்ளையோ கறுப்போ போடுவார்கள். ஒரு கறுப்பு விழுந்தால் ஆள் வெளியே. யார் போட்டது என்று எவருக்கும் தெரியாது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். எங்கள் ஊர்ச் சங்கம் அப்போது தொடங்கி ஆறு மாதம். யாரோ எங்களுக்காகவே செய்து, எங்களுக்கு முன்னால் கொஞ்சக் காலம் பாவித்துவிட்டு வைத்ததுபோல இருந்தது பெட்டி.

அதோடு இரண்டு சாமான்களையும் சேர்த்துத் தந்தான். ஒன்று அவர்களுடைய கூட்டக் கொப்பி. பள்ளிக் கொப்பியைவிட இரண்டு மடங்கு தடிப்பு, நடுவில் ஒரே தையல். தையற்காரர்கள் அல்லவா, கொப்பியையும் தாங்களே தைத்திருந்தார்கள். எழுத்து யூதர்களின் எழுத்து, வலமிருந்து இடமாகப் போவது. ஆகவே எங்களுக்குக் கடைசிப் பக்கமாக இருப்பது அவர்களுக்கு முதற் பக்கம். அங்கிருந்து தொடங்கிப் பாதிவரை எழுதியிருந்தார்கள். எங்கள் முதற் பக்கத்திலிருந்து பாதிவரை வெற்றுத் தாள். நல்ல தடித்த தாளை வீணாக்குவானேன் என்று நான் எங்கள் பக்கத்திலிருந்து சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதத் தொடங்கினேன். அவர்கள் அந்தக் கரையிலிருந்து, நாங்கள் இந்தக் கரையிலிருந்து. சிக்கனம் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

மற்றது ஒரு சின்னத் துணிப்பை. கறுப்புப் போளைகள் அப்போது இழுப்பறைக்குள் இருக்கவில்லை. அந்தப் பைக்குள் போட்டு, வாயை மடித்து, நெருக்கமான தையலால் முழுதாகத் தைத்து மூடியிருந்தார்கள். ஒரு கோட்டுக்குக்கூட அவ்வளவு தையல் போடமாட்டார்கள். நான் ஒரு பிளேட்டை எடுத்து, உன் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துணி கிழியாமல் ஒவ்வொரு இழையாக அறுத்தேன். ஒரு மாலை முழுவதும் எடுத்தது. ஏன் தைத்தார்கள் என்று ஒரு கணமும் நான் யோசிக்கவில்லை. ஒரு பொருள் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. பழைய சாமான் சேர்க்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது, உனக்கு வரவேண்டாம்.

செல்வராசாவை உனக்குத் தெரியாது. நீ அப்போது சின்னப்பிள்ளை. எங்கள் ஊர், என் சமையலறை. நான் அடுப்பில், அவர் கோப்பை கழுவுகிற தொட்டியில். அந்த நாளில் நான் அவரை "அவன்" என்றுதான் சொன்னேன். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். இறந்தவருக்கு மரியாதை கொடுப்பதால் எங்களுக்கு ஒன்றும் குறைவதில்லை. விசா இல்லை, சொந்தக்காரர் எவரும் இந்த நாட்டில் இல்லை. பேர்சுக்குள் ஒரு கைக்குழந்தையின் படம். நெற்றி நிறையக் கறுத்த பொட்டு வைத்த அந்தப் படத்தைத் தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். தினமும் பின்னேரம் தேத்தண்ணி போட்டு என் கையில் தருவார். ஒருநாள் கேட்டார்: "அண்ணை, உங்கட சங்கத்திலை நானும் சேரலாமோ?" "ஏன் கேக்கிறாய், ஊராள்தானே" என்று நானே படிவத்தைக் கொடுத்தேன். பிரான்சுக்கு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று எனக்கு அப்போது பெரிய எண்ணம் இருந்தது.

படிவத்தில் ஊரில் எந்தப் பகுதி என்ற கேள்வி ஒன்று இருந்தது. அவர் குளத்துக்கு அந்தப் பக்கம் என்று எழுதியிருந்தார். கமிட்டியில் ஏழு பேர். தாள் கை மாறிக் கை மாறித் தலைவரிடம் போனபோது அறையில் சத்தம் குறைந்தது. சாதி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. எங்கள் சங்கத்தில் அந்தச் சொல்லை இன்றுவரை யாரும் சொன்னதில்லை, அதில் எங்களுக்குப் பெருமை. தலைவர் சொன்னார்: "எனக்கெண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. பிளேன் ஏறேக்கையே எல்லாத்தையும் விட்டிட்டுத்தான் ஏறினனான். ஆனா சனம் என்ன சொல்லும்?" பொருளாளர், "ஓமண்ணை, சனம்தான்" என்றார். இன்னொருவர், "நாளைக்கு ஒரு கலியாணம், செத்தவீடு எண்டால் சனத்தை ஒண்டா இருத்தேலாமல் போயிடும்" என்றார். சனம் யார் என்று நான் கேட்கவில்லை. அறைக்குள் நாங்கள் ஏழு பேர் மட்டுமே இருந்தோம். நான் சொன்னது, "அப்ப பெட்டியைச் சுத்துவம். பெட்டி சொல்லுறதைச் செய்வம்." எல்லோருடைய முகமும் மலர்ந்தது. ஒரு கறுப்பே போதும் என்ற விதியைச் சங்கத்தின் யாப்பில் எழுதியவனும் நான்தான்; தையற்காரர்களிடமிருந்து சுட்டது.

இழுப்பறையைத் திறந்தேன். ஏழு போளை, ஏழும் கறுப்பு. எனக்கு அப்போது விளங்கவில்லை, பிறகு விளங்கியது. மற்ற ஆறு பேரும் வெள்ளை போட்டுவிடுவார்கள், காரியம் நடக்க என் ஒரு கறுப்புப் போதும், பழி யாரோ ஒருவன் தலையில் போகட்டும் என்று ஏழு பேரும் தனித்தனியே நினைத்திருக்கிறோம். அவ்வளவு ஒற்றுமை அந்தச் சங்கத்தில் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. கொப்பியின் பதினோராம் பக்கத்தில் எழுதினேன்: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, ஏகமனதாக. தம்பி, ஒரு கூட்டம் ஏகமனதாக முடிந்தால் நீ அந்த அறையை விட்டு எழும்பி வெளியே போ. வீட்டுக்குள்ளேயே கூட்டம் நடந்ததால் எனக்கு வெளியே போகவும் வழியில்லை. எல்லோரும் போன பிறகு உன் அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "அரிசியிலை கல்லுப் பொறுக்கிற மாதிரி மனுசரையும் பொறுக்கி முடிஞ்சுதோ?" கொப்பியை மூடி அலுமாரியில் வைத்தேன். செயலாளர் என்ற முறையில் நான் களைத்திருந்தேன்.

அடுத்த நாள் சமையலறையில் அவரிடம் சொன்னேன். என்ன சொல்வது என்று மெத்ரோவில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், தேவைப்படவில்லை. "பரவாயில்லை அண்ணை. பெட்டி சொன்னால் சரிதானே" என்றார், சிரித்தார். பின்னேரம் தேத்தண்ணி போட்டார். அதுவரை கையில் தந்தவர், அன்றைக்குக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். கோபத்தில் அல்ல. ஊரில் அவருடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே நிற்பாரோ அந்தத் தூரத்தைக் கணக்காக அளந்து நின்றார். நான் கோப்பையை எடுத்துக் குடித்தேன். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வந்த எல்லா நாளும் அப்படியே நடந்தது. ஒரு நாளாவது நான் இரண்டு அடி நடந்து அவர் கையிலிருந்து வாங்கியிருக்கலாம். நான் செய்த பிழைகளுக்குள் மிகச் சிறியது இது. நித்திரையைக் கெடுப்பதும் இதுதான்.

பிறகு அவருக்கு நெஞ்சு வருத்தம். இரண்டு கிழமை வேலைக்கு வரவில்லை, முதலாளி வேறு ஆள் பிடித்துவிட்டார். சங்க அங்கத்தவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் முறை வைத்து ஆள் அனுப்புவது என் பொறுப்பு, அதைப் பிசகாமல் செய்துவந்தேன். அவர் அங்கத்தவர் இல்லாதபடியால் எனக்குப் போக நினைவு வரவில்லை. ஒருநாள் அவரோடு ஒரே அறையில் இருந்த குணம் என்பவர், வேறு ஊர்க்காரர், எங்கள் வாசலில் வந்து நின்றார். "அண்ணை, செல்வம் போயிட்டார். ஆஸ்பத்திரியிலை கேக்கினம், ஆர் பொறுப்பெடுக்கிறது எண்டு. எனக்கும் விசா இல்லை, நான் போய்க் கையெழுத்து வைக்கேலாது. உங்கட சங்கம் ஒரு கடிதம் குடுத்தால் போதும், எரிக்கிற ஒழுங்கை நாங்கள் பாப்பம்." நான் சொன்னேன்: "அவர் அங்கத்தவர் இல்லையே." "செத்துப்போனார் அண்ணை." "செத்த பிறகு சேர்க்க விதியிலை இடமில்லை." இதைத் தலைவர் சொன்னார் என்று எழுத ஆசை. தலைவர் அன்று வீட்டில்கூட இல்லை. சொன்னது நான். எங்கள் வாசலில், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு.

நகரசபை அடக்கம் செய்தது. தியே என்ற இடத்துப் பெரிய கல்லறையில், கேட்பார் இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில். எங்கள் சனம் எரிப்பது; அவரைப் புதைத்தார்கள். அவர்களில் பிழை இல்லை. கேட்டிருந்தார்கள், சொல்ல ஆள் இருக்கவில்லை. குணம்தான் தூர நின்று பார்த்துவிட்டு, பகுதி இலக்கத்தையும் வரிசை இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "வைச்சிருங்கோ, ஆராவது கேப்பினம்" என்றார். ஊரில் இருந்த மனைவிக்குத் தொலைபேசியில், "அக்கா, ஊர்ச் சங்கம் முன்னுக்கு நிண்டு எல்லாம் முறையாச் செய்தது, ஒரு குறையுமில்லை" என்று சொன்னாராம். நல்ல மனிதர், பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். சங்கத்தைப் பற்றி வெளியில் யாரும் சொன்ன ஒரேயொரு நல்ல சொல் அந்தப் பொய்தான். நான் அந்த இலக்கங்களைக் கொப்பியில், "ஏகமனதாக" என்ற சொல்லுக்குப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால் எழுதி வைத்தேன். மையால் எழுதினால் கமிட்டி கேட்கும்.

நான் இரண்டு முறை போனேன். முதல் முறை ஒரு சீமெந்து மூடி, அதில் ஒரு சின்னத் தகடு, தகட்டில் அவருடைய பெயர். கர்ப்பூரம் கொண்டுபோயிருந்தேன். காற்று, பற்றவில்லை. பற்றவைக்க நான் அதிகம் முயலவும் இல்லை. இரண்டாம் முறை போனபோது சில வருஷங்கள் ஆகியிருந்தன, தகட்டில் வேறு யாருடையவோ பெயர். வாசலில் இருந்தவர் அன்பாக விளக்கினார்: காலம் முடிந்தால் எடுத்துப் பொது இடத்தில் சேர்த்துவிடுவார்கள், குடும்பத்தவர் யாரும் கேட்டு எழுதியிருந்தால் வேறு விதமாகச் செய்திருக்கலாம். "நீங்கள் குடும்பமோ?" என்று கேட்டார். இல்லை, ஊர்ச் சங்கம் என்றேன்.

இனி நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். பொண்டியில் எங்கள் ஊர் ஒன்றுகூடல். எபினேயில், பின்னாளில் இங்கே வந்த தன் மாமனோடு இருக்கிற ஒரு பெண் தட்டும் கையுமாக வந்து கமிட்டியைத் தேடினாள். தட்டில் வெற்றிலை, பழம், ஒரு பட்டு வேட்டி. "நான் செல்வராசாவின்ரை மகள். அப்பாவின்ரை கடைசிக் காரியத்தை நீங்கள் செய்து தந்ததுக்கு நன்றி சொல்ல வந்தனான். அம்மா சாகும் மட்டும் உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ" என்றாள். தலைவர் ஒரு விநாடிதான் தடுமாறினார். பிறகு தட்டை இரு கையாலும் வாங்கி, "அது எங்கட கடமை, பிள்ளை" என்றார். சாம்பலை எங்கே கரைத்தீர்கள் என்று கேட்டாள். தலைவர் என்னைப் பார்த்தார், விவரங்களுக்குச் செயலாளர். "செய்ன் ஆத்திலை" என்றேன். "எந்தப் பக்கம், மாமா?" அவள் எபினே என்று சொல்லியிருந்தாள், அங்கேயும் ஆறு ஓடுகிறது. பிள்ளை தூரம் போகத் தேவையில்லாமல், "எபினேப் பக்கம்" என்றேன். அந்தப் பொய்யில்கூட நான் போக்குவரத்து வசதியை மறக்கவில்லை. நன்றி சொல்ல ஒருவர் வந்தால், தம்பி, தட்டில் கை வைக்கு முன்னர் எதற்கு நன்றி என்று யோசி. அன்றைக்குத்தான் நீ அவளுக்கு ஒரு சோடா கொண்டுவந்து கொடுத்தாய். கையில் கொடுத்தாய். நான் அதைக் கவனித்தேன்.

நீயும் தர்சிகாவும் கட்டப்போகிறீர்கள் என்றதும் கமிட்டி என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தியது. "காலம் மாறிட்டுது, எங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்றார் தலைவர். பிறகு குரலைக் குறைத்து, "சாப்பாடு இருத்தியோ, பூபேயோ?" என்று கேட்டார். பூபே என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டார். பிரெஞ்சுக்காரர் எங்கள் சமூகத்துக்குத் தந்தவற்றில் மேலானது பூபே. எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடலாம், யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்ற கேள்வியே எழாது.

இவ்வளவையும் நான் என்னோடு கொண்டுபோய்ச் சேர்ந்திருப்பேன். கெடுத்தது நீ. போன வருஷம் பெட்டியைப் படம் எடுத்து இணையத்தில் போட்டாய். இப்படியான யூதச் சங்கங்களின் பழைய பொருட்களைத் தேடிச் சேர்க்கும் ஒரு பெண், மிரியம் என்று பெயர், வந்து பார்க்கலாமா என்று உனக்கு எழுதினாள். "எனக்கு வேலை, பப்பா, நீங்களே பாருங்கோ" என்றாய். ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவளுடைய தாத்தா அந்தப் பட்டணத்துக்காரர், தையற்காரர். அவர்களுடைய மொழியை அவள் வளர்ந்த பிறகு வகுப்புக்குப் போய்ப் படித்தவள், விரல் வைத்துத்தான் வாசித்தாள். உன் அம்மா வடை வைத்தாள். மிரியம் கொப்பியைத் திருப்பி அந்தக் கரையிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தாள்: மண்டப வாடகை, விதவை ஒருத்திக்குக் கரி, அலுமாரிக்குப் பூட்டு. கடைசிக்குச் சற்று முன்னால் நின்றாள். திரும்ப வாசித்தாள். சிரித்தாள். பிறகு எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள்.

ஜெர்மன்காரர் இந்த நகரத்துக்குள் வருவதற்கு முந்திய கடைசிக் கூட்டங்களில் ஒன்று. புதிதாக வந்த ஒருவர் சேர விண்ணப்பித்திருக்கிறார், அவர்களுடைய பட்டணத்தவர் அல்லர், வேறெங்கோ இருந்து தப்பி வந்தவர். பெட்டி சுற்றியது. இரண்டு கறுப்பு. விதிப்படி ஒன்றே போதும். நெடுநேரம் சண்டை. கடைசியில் ஒருவர் எழும்பி, இவரை நாம் வெளியே விட்டால் உள்ளே எடுக்க வேறு எவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். தீர்மானம்: கறுப்பை ஒரு பைக்குள் போட்டு மறுபடி எடுக்க முடியாதபடி தைத்துவிடுவது. பெட்டி வழமைபோலச் சுற்றும். வாக்கெடுப்பு வழமைபோல நடக்கும். "வெள்ளை மட்டும் போடுகிற வாக்கெடுப்பு! எங்கள் ஆட்களுக்கு விதியை மாற்ற மனமில்லை, பாருங்கள்" என்று மிரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தைத்தவர் பெயரும் இருக்கிறது. என் தாத்தா. அந்தப் பை இருக்கிறதா?"

உன் அம்மா குசினிக்குள் போய்ப் பையைக் கொண்டுவந்தாள். இவ்வளவு வருஷமும் அதில் ஏலக்காய் வைத்திருந்தாள். மிரியம் முகத்துக்குக் கிட்டப் பிடித்து மணந்தாள், பிறகு விளிம்பில் வரிசையாக இருந்த ஊசித் துளைகளைத் தடவினாள். "யார் பிரித்தது?" "நான்." "ஏன்?" "பொருள் குறையில்லாமல் இருக்க வேண்டுமென்று." தலையாட்டினாள், திட்டவில்லை. அந்தப் பக்கத்திலிருந்த பெயர்களில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்: இவர் முகாமிலிருந்து திரும்பவில்லை, இவரும், இவரும். தாத்தாவும். புதிதாகச் சேர்ந்தவரும். ஆனால் மிஞ்சியவர்கள் யுத்தம் முடிந்த பிறகு சங்கத்தின் கல்லறைக் கல்லில் எல்லாப் பெயர்களையும் வெட்டியிருக்கிறார்கள், அந்தப் புதியவரின் பெயரையும் சேர்த்து. உடல் ஒன்றும் கிடைக்கவில்லை, பெயர்கள் இருக்கின்றன என்றாள். தம்பி, எங்களிடம் உடல் இருந்தது. பெயரைத்தான் எழுதமாட்டோம் என்றோம். உங்கள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மிரியம் கேட்டாள். விளையாட்டுப் போட்டி என்றேன். பொய்யில்லை, கடைசிப் பக்கம் அதுதான்.

கொப்பியையும் பெட்டியையும் அவளுடைய சேகரிப்புக்குக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் கேட்டேன். தலைவர் தாராளமானவர்: "குடு, குடு, பேப்பரிலை படம் போடுவினம். ஆனா அந்தப் பதினோராம் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுக் குடு. வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாதுதான், எண்டாலும் ஏன் கரைச்சல்." வீட்டுக்கு வந்து பிளேட்டை எடுத்தேன், அதே கண்ணாடியையும் போட்டேன். ஒரே தையலில் கட்டிய கொப்பி. எங்கள் பக்கத் தாள் ஒன்றை அறுத்தால் அதன் மறுபாதியாகிய அவர்கள் பக்கத் தாள் ஒன்று கழன்று விழும். ஒருமுறை அவர்கள் தைத்ததை நான் அறுத்துவிட்டேன். பிளேட்டைக் கீழே வைத்தேன். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையை ஆத்தங்கரையிலை கொண்டுபோய் நிப்பாட்டி இன்னொருக்கால் ஏமாத்தப் போறியளோ? சனிக்கிழமைக்குள்ளை நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றாள்.

நான் சொல்கிறேன். நேரே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் அந்த வாசலிலேயே இருந்திருக்கும். ஆகையால் வேறு ஒழுங்கு செய்தேன். ஊரிலிருந்து வருகிற கடிதங்களைத் தர்சிகாவிடம் கொடுத்து, அவள் சத்தமாக வாசிக்க, நீ சோபாவில் சாய்ந்து கேட்பாய். இதையும் அவளிடம்தான் கொடுத்திருப்பாய்.

பிள்ளை, முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டிருப்பது நீ என்று எனக்குத் தெரியும். இடையில் நிறுத்தியிருந்தால் அது உன் உரிமை. இதுவரை வந்திருந்தால், உன் அப்பா எந்த ஆற்றிலும் இல்லை. கொப்பியின் பதினோராம் பக்கத்தில் என் கையெழுத்தும், ஓரத்தில் பென்சில் இலக்கமும் இருக்கின்றன. அதை வைத்து, மகள் என்று நீ எழுதிக் கேட்டால், எங்கே சேர்த்தார்கள் என்று கல்லறைக்காரர் சொல்லுவார்கள். உன்னைத் தவிர வேறு யாரும் கேட்கமுடியாத கேள்வி அது. பார்த்த பிறகு கொப்பியை மிரியமுக்குக் கொடு, கிழிக்காமல். சனிக்கிழமை காலை நான் தியேக் கல்லறை வாசலில் நிற்பேன். நீ வராவிட்டால் பின்னேரம் வீட்டுக்குப் போவேன்.

பெட்டியையும் கொப்பியையும் தம்பியின் அம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சங்கத்திடம் கேட்கவில்லை, அதற்கும் விதியில் இடமில்லை. உங்கள் கலியாண வீட்டுக்குள் என்னை எடுப்பதா என்று நீ ஒருத்தியே முடிவு செய். வெள்ளையும் கறுப்பும் இழுப்பறைக்குள் இருக்கின்றன. பையைத் திரும்பத் தைக்க ஊசி எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அதைத் தைக்கவேண்டியவன் நான் அல்ல. ஒரு கறுப்பு போதும், பிள்ளை. விதி அப்படித்தான். எழுதியவன் நான்.